அவனுக்குக் காரணம், எனக்குக் குணம்

கரண்டி பறந்து போய்ச் சுவரில் பட்டது. கஞ்சி பாதி என் தோளில், பாதி தலையணையில். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், நான் அந்த அறையிலேயே இல்லை என்பதுபோல.

“பார்த்தியா? நீ கிட்ட வந்தாலே அவருக்கு ஆகலை,” என்றாள் அம்மா. கட்டிலின் கால்மாட்டில் நின்று துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்தால் துண்டின் நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். உலகத்தில் நடக்கிற எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் மடித்து வைப்பாள்.

பதில் சொன்னால் அதற்கும் ஒரு மடிப்பு வரும். ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். அதே கஞ்சிதான், அதே கிண்ணம்தான். ராத்திரி அண்ணன் வந்து உட்கார்ந்து, ஒரு கையால் போனைத் தடவிக்கொண்டே இன்னொரு கையால் ஊட்டினால், அப்பா குழந்தை மாதிரி வாயைத் திறப்பார். அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போது கண்ணெல்லாம் நிறைந்துவிடும். “பாசம்னா அதுடி,” என்பாள், என்னைப் பார்த்து.

கீழே வைத்து மடிக்கிறபோது இல்லை, எதையாவது தூக்கிப் பிடித்தால் அம்மாவுக்குக் கை நடுங்கும். கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்திவிடும். அதனால் காலையும் மதியமும் ஊட்டுவது நான். ராத்திரிச் சாப்பாடு அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இப்படித்தான். என் கையால் அப்பா சாப்பிடுவதில்லை என்பதால் ஒரு நாளில் ஒரு வேளைதான் அவர் வயிற்றில் ஏதாவது இறங்கியது. கன்னம் ஒட்டிப்போனது. தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை, ஆனால் மீறினதும் இல்லை. அண்ணன் செய்வதற்கெல்லாம் காரணம் இருக்கும். நான் செய்வதற்கெல்லாம் என் குணம்தான் காரணம். அவன் வேலை வேலையாக விட்டுவிட்டு வந்தபோது முதலாளிகள் சரியில்லை. நான் புருஷனை விட்டுவிட்டு வந்தபோது எனக்கு யாரோடும் ஒத்துப்போகத் தெரியாது. அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனால், பாவம், வெளியே எவனோ என்னவோ சொல்லியிருக்கிறான். நான் சாப்பாடு வேண்டாம் என்றால் திமிர். சின்ன வயசிலேயே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டு நான் முறைத்தால், “சும்மாவா வச்சோம்?” என்று சிரிப்பார்கள்.

கீழே கடை, மேலே வீடு. கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேஜைக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்போம். முகம் பார்க்கும் கண்ணாடியும் உண்டு. அப்பாவும் நானும் அறுப்போம். அண்ணன் கவுண்டரில் உட்காருவான், வெளியே போய் அளவு எடுப்பான். ஒரு ஓட்டலுக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கிற வேலை வந்தது. அண்ணன் அளவு எடுத்துவந்தான். நாங்கள் அறுத்துக் கொண்டுபோனோம். ஒரு பலகைகூட உட்காரவில்லை. பூச்சு பூசாத சுவரை அளந்துவிட்டு வந்திருக்கிறான். நாங்கள் போனபோது பூச்சு முடிந்திருந்தது. அத்தனை கண்ணாடியும் வீண். “அந்த ஓட்டல்காரன் அவசரப்படுத்திட்டான், நம்ம பிள்ளை என்ன பண்ணுவான்?” என்றாள் அம்மா. அப்பா என் பக்கம் திரும்பி, அறுக்கிறதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார்.

அன்றைக்கு நான் கத்தினேன். அவன் செய்ததை என் தலையில் கட்டாதீர்கள் என்று, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். மறுநாள் காலையில் அப்பா பல் தேய்க்கும்போது விழுந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் போயின, பேச்சு போனது. அம்மா அந்த இரண்டு நாளையும் சேர்த்து மடித்துவிட்டாள். “இவ கத்தினா, அவர் விழுந்தார்.” வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னாள். அதற்கு முன்னால் பல வருஷமாக அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் ஏமாற்றிக்கொண்டிருந்ததை யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் இளைத்துப்போவதும் என்னால்தான். அதற்கு அம்மா ஒரு முடிவு எடுத்திருந்தாள். வேறு ஊரில் இருக்கிற சித்தி வீட்டுக்கு நான் போக வேண்டும். அப்பா தேறும்வரை என்றாள். கடையை அண்ணன் பார்த்துக்கொள்வான், அறுப்பதற்கு ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம். சித்தியிடம் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். தேறும்வரை என்றால் எதுவரை என்று எனக்குத் தெரியும். போனால் திரும்பி வரும்போது என் மேஜையில் வேறொருவன் அறுத்துக்கொண்டிருப்பான். அந்த மேஜையைத் தவிர எனக்கென்று இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது.

சண்டை போட்டிருக்க வேண்டியவள்தான். போடவில்லை. என்ன சொல்லிப் போடுவது? அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வதை நானே என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேனே. நான் கூப்பிட்டால் அந்தப் பக்கம் திரும்புகிறார். கரண்டி உதட்டில் பட்டால் திடுக்கிட்டு இடது கையால் தட்டிவிடுகிறார். அம்மா சொன்னதை நானும் நம்பினேன். அவள் சொன்னதற்கு மேலேயே நம்பினேன். ஓட்டல் கண்ணாடி மட்டுமில்லை, புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கே அவர் மனசில் என்னைக் கைகழுவிவிட்டார், வாய் இருந்தபோது நாகரிகத்துக்கு மறைத்துக்கொண்டிருந்தார், வாய் போனபிறகு கை உண்மையைச் சொல்கிறது. இப்படி ஒரு முழுக் கதையே கட்டி வைத்திருந்தேன். ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு.

அம்மாவிடம் இதுபோல் இன்னும் நிறையக் கதை இருந்தது. ராத்திரி கஞ்சிக்குப் பிறகு பழம் நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தால் அப்பா இடது கையால் தானே எடுத்து இடது பாதியை மட்டும் சாப்பிடுவார். வலது பாதி அப்படியே இருக்கும். “பாரு, இந்த நிலைமையிலயும் பிள்ளைக்குன்னு மிச்சம் வைக்கிறாரு,” என்றாள். அந்த மிச்சத்தை அண்ணனே சாப்பிட்டான், கண் கலங்க. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பார்க்க வந்து ஒரு ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது பழைய பாக்கிக் கோபமாம். அந்த மனிதர் பாவம், முகம் தொங்கிப்போய் இறங்கினார். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா, போவதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு சவரக் கண்ணாடி அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றாள். பழையது ரசம் போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முகம் ஆகாது, ஆனால் நான் அறுத்துக் கொடுத்த கண்ணாடி ஆகும். ஆனாலும் கீழே போய், நல்ல பலகையாக எடுத்து, கைக்கு அடக்கமாக அறுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன். அவர் இடது கையால் தடவினால் வெட்டக்கூடாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்தக் கண்ணாடியும் சோதிக்காமல் வெளியே போகாது. ஒருவர் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு பக்கமாக நகர்வார். இன்னொருவர் தலையை அசைக்காமல் நின்று, அதில் தெரிகிற ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பார். கண்ணாடியில் அலை இருந்தால் கம்பி நெளியும். நெளிந்த இடத்தில் ஒரு விரலைத் தூக்க வேண்டும். பேசக்கூடாது. பிடித்திருப்பவர் நிற்பார். பார்க்கிறவர் எப்போதும் அப்பாதான், பிடிக்கிறவள் நான்தான்.

மேலே போய், மதியக் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். வழக்கம்போல் கதவுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அதுதான் என் இடம். அப்பாவுக்கு வலது பக்கம். என்னவோ கை பழக்கம், கண்ணாடியை நிமிர்த்தி அவர் முகத்துக்கு முன்னால் மெதுவாக நகர்த்தினேன், என் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கமாக. அவர் கண் நேரே எங்கேயோ இருந்தது. கண்ணாடி அவர் வலது கன்னத்தைக் கடந்தது. அவர் பார்க்கவில்லை. இதுவும் வேண்டாமா என்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. மூக்குக்கு நேரே வந்ததும் அவர் இடது கை விரல் எழுந்தது.

நின்றேன். அலை இருக்கிறது என்று நினைத்து, திருப்பிப் பார்த்தேன். இல்லை. திரும்ப என் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூக்குக்கு நேரே வந்ததும் விரல். மேலே, கீழே, சாய்த்து, எப்படிக் கொண்டுபோனாலும் அதே கோடு, அதே விரல். பிறகு எதிர்ப்பக்கமாக நகர்த்தினேன். ஜன்னல் பக்கத்திலிருந்து என் பக்கமாக. அவர் கண் அதோடேயே வந்தது. அந்தக் கோடு தாண்டியதும் எங்கே போயிற்று என்று தேடியது. கண்ணாடி அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி என் கையில்தான் இருந்தது. அவருக்கு அது இல்லை.

கண்ணாடியில் அலை இல்லை. அப்பாவுக்கு உலகத்தில் வலது பாதி இல்லை.

நான் இல்லாத பாதியில் உட்கார்ந்திருந்தேன். வாரக்கணக்கில், அந்த ஸ்டூலில், கஞ்சியும் கரண்டியுமாக. கூப்பிட்ட குரல் வரும், ஆள் இருக்காது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து திடீரென்று ஓர் இரும்பு வந்து உதட்டில் படும். யாராக இருந்தாலும் தட்டிவிடுவார்கள். நானாக இருந்தாலும் தட்டிவிடுவேன்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அண்ணனின் நாற்காலி அங்கே கிடந்தது, அவன் போன் சார்ஜர் ஜன்னலுக்குக் கீழே பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், கண்ணை விட்டு எடுக்கவில்லை. கிண்ணத்தை எடுத்தேன். வாயைத் திறந்தார். கிண்ணம் காலியானது.

அம்மா கதவில் வந்து நின்று பார்த்தாள். வெறும் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது.

“இன்னிக்கு நீ மனசுல கோபமில்லாம வந்திருக்கே. அதான் சாப்பிட்டுட்டாரு.”

இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். ஆனாலும் நிதானமாகவே சொன்னேன். கண்ணாடியை எடுத்து, நகர்த்தி, அவள் கண் முன்னாலேயே விரல் எழுவதைக் காட்டினேன். தட்டின் மிச்சப் பாதி யாருக்கும் எடுத்து வைத்தது இல்லை, தையல்காரர்மேல் கோபம் இல்லை, எல்லாம் அவருக்கு வலது பக்கம் இருந்ததால்தான் என்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே படுக்கையின்மேல் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அப்போது அண்ணன் மேலே வந்தான். சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்று, நான் சொல்வதைப் பாதியிலிருந்து கேட்டான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“ஆமா, டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர் சொன்னாரே. வலது பக்கம் பார்வை இல்லை, எதுவா இருந்தாலும் இடது பக்கமா கொண்டு போங்கன்னு.”

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தது அவன் மட்டும்தான். நான் கீழே கடையில் இருந்தேன், அம்மா இந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அதனாலதான் நீ இந்தப் பக்கம் உட்கார்ந்தியா?” என்று கேட்டேன்.

“இல்ல, சார்ஜர் இங்கதானே இருக்கு,” என்றான். பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவனுக்கு இந்த வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை.

பாசம் என்று கண் நிறைந்ததெல்லாம் சுவரில் இருந்த ஒரு பிளக். நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது ஒன்று உடையும் என்று, எனக்கு வெட்கமாக இருக்கிறது சொல்ல, எதிர்பார்த்தேன்.

“பாவம்டி,” என்றாள். “அன்னிக்கு அவன் இருந்த டென்ஷன்ல எதுதான் மண்டையில ஏறும்? ஆயிரம் விஷயம் சொல்லியிருப்பாங்க.”

“நான் மறந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பே?”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“இப்பதான் வேணும். டாக்டர் என்கிட்ட சொல்லி, நான் சொல்லாம விட்டு, அப்பா இப்படி இளைச்சுப் போயிருந்தா?”

அம்மா துண்டை மடித்தாள். மூலைகள் சேரவில்லை. பிரித்துத் திரும்ப மடித்தாள்.

“வேணும்னே மறந்தேன்னு சொல்லியிருப்பே,” என்றேன். “பட்டினி போட்டுப் பழிவாங்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பே.”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது; நேருக்கு நேர் கேட்டால் பூசி மெழுக மாட்டாள். துண்டைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் சலிப்பாக, “நீ மறந்திருக்க மாட்டேடி,” என்றாள்.

பாராட்டா, குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. இவள் மறக்க மாட்டாள், அதனால் இவள் செய்கிற எதுவும் தவறுதலாக இருக்க முடியாது, வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்கும். அவன் மறப்பான், அதனால் அவனுக்கு எல்லாம் மன்னிப்பு. ஒழுங்காக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி இதுதான். இவளை மாற்ற முடியாது என்றும் அப்போதுதான் உறைத்தது. கையில் கண்ணாடியைக் கொடுத்தாலும் அதை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதை அவள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாள்.

குனிந்து சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினேன். சுற்றி அண்ணன் கையில் வைத்தேன்.

“கீழ கவுண்டர்ல ஒரு பிளக் இருக்கு. இனிமே மூணு வேளையும் நான் ஊட்டுவேன். அளவு எடுக்கவும் நானே போவேன்.” பிறகு அம்மாவிடம் சொன்னேன். “சித்திக்கு போன் பண்ணிடு. நான் வரலை.”

“கேட்டியா, எவ்வளவு பிடிவாதம் பாரு,” என்று அம்மா அண்ணனிடம்தான் சொன்னாள். பிடிவாதம் என்றே இருக்கட்டும். பெயர் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், மேஜை எனக்கு.

அண்ணன் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு கீழே போனான். நான் கதவுப் பக்கத்து ஸ்டூலை எடுத்து வெளியே வைத்தேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் உதட்டோரத்தில் காய்ந்திருந்த கஞ்சியைத் துடைத்தேன். துணியை எடுக்கப் போனபோது அவர் இடது கை எழுந்தது. கரண்டியைத் தட்டின அதே கை. நான் பின்வாங்கினேன், உடம்புக்கு அது பழகியிருந்தது. கை என்னைத் தேடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமாகத்தான் பிடித்தார், வலித்தது. என்னைப் பார்த்தார்.

எதற்குப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டிருக்கலாம். மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஓட்டல் கண்ணாடிக்காக இன்னும் கோபமாக இருக்கலாம். என் மூளை வழக்கம்போல் ஒரு கதை கட்ட ஆரம்பித்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். கையை மட்டும் இழுத்துக்கொள்ளாமல் இருந்தேன்.

கால்மாட்டில் நின்றிருந்த அம்மா எங்கள் இருவர் கையையும் பார்த்தாள். அவள் முகத்தில் இதற்கும் ஒரு விளக்கம் வருவதைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள்.

“சொல்லாதேம்மா,” என்றேன்.